காதில் விழுந்தால்தான் தீட்டு

என் அன்பு மாமா,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தாத்தா இருப்பார், உங்களுக்கு முன்னால் போய்விட்ட பட்டறை நண்பர்கள் இருப்பார்கள். எது வந்தாலும் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரிக்கிற பழக்கம் உங்களுக்கு. இதை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழில்தான் எழுதுகிறேன். "இங்கிலீசுல எழுதினா பதில் வராது மருமகளே" என்று நீங்கள் மிரட்டியதால், ஈப்போவை விட்டு ஆக்லாந்துக்கு வந்த பிறகும் உங்களுக்கு மட்டும் தமிழில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். அதனால் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா இன்னும் தூங்கவில்லை. அடுத்த அறையில் அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கிறது.

மாமா, நீங்கள் இறந்த செய்தியை இந்த நாட்டில் முதலில் கேட்டவள் நான். கேட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்கள் கோயில் உங்களுக்கு நினைவிருக்கும். ஒனிஹங்காவில் டயர் கடைக்கும் கார் பெயின்ட் அடிக்கும் இடத்துக்கும் நடுவில், முன்பு கிடங்காக இருந்த கட்டடம். நீங்கள் எங்களைப் பார்க்க வந்தபோது அதன் வாசலில் நின்று, "என்னாடி இது, டயர் கடைக்குப் பக்கத்துல அம்மனா? தேர் பஞ்சரானாலும் கவல இல்லலா" என்றீர்கள். செருப்புக் கழற்றிக்கொண்டிருந்த எல்லோரும் உங்கள் ஈப்போ 'லா'வுக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு அன்னதானத்தில் உட்கார்ந்து எழுவதற்குள் உங்களுக்கு அங்கே நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது நடக்க எத்தனையோ சனிக்கிழமைகள் ஆயின.

நாங்கள் குடியிருக்கும் தகனினியில் எங்கள் தெருவில் எல்லா வீடும் புதிது. விடிவதற்குள் எல்லோரும் மோட்டர்வே ஏறிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காரைத் தெரியும், முகம் தெரியாது. அம்மாவுக்கு வாரம் முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் பேசவே மாட்டார். சனிக்கிழமை கோயில் சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதுதான் அம்மா வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்பேன்.

ஆனால் அங்கேயும் நாங்கள் கொஞ்சம் ஓரத்தில்தான் இருந்தோம். கோயிலைத் தொடங்கியது யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். பிறகு தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். மலேசியாக்காரர்கள் கொஞ்சம்தான். நவராத்திரியில் ஒவ்வொரு நாள் பூசையையும் ஒரு குடும்பம் உபயமாக ஏற்றுக்கொள்ளும். அன்றைய பூ, பழம், சாப்பாடு, அம்மனுக்குச் சேலை எல்லாம் அந்தக் குடும்பத்துடையது. வேலை நாளில் கோயிலில் ஆளே இருக்காது. சனிக்கிழமை என்றால் மண்டபம் கொள்ளாது. அதனால் சனிக்கிழமை எப்போதும் பழைய குடும்பங்களுக்கு. எங்களுக்குச் செவ்வாயோ புதனோ கிடைக்கும்.

இந்த வருடம் ராணி ஆன்ட்டி தன் சனிக்கிழமையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். நீங்கள் வந்தபோது உங்களுக்கு மூன்றாவது தடவை பாயசம் ஊற்றினாரே, அந்த யாழ்ப்பாணத்து ஆன்ட்டிதான். "எத்தினை வருசத்துக்கு நாங்களே செய்யிறது? இந்த முறை நீர் செய்யும் மாலா" என்றார். அன்றிரவு அம்மா உங்களை அழைத்து அழுதார். நீங்கள் அடுத்த வாரமே அம்மனுக்குப் பச்சைப் பட்டு அனுப்பினீர்கள். "சனிக்கிழம வீடியோ கால் போடு மருமகளே, நா இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்றீர்கள்.

அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மாலை, அத்தையின் அழைப்பு வந்தது. அம்மா கோயில் சமையலறையில் மறுநாளைக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். படம் எடுப்பதற்காக அம்மாவின் கைபேசி என்னிடம் இருந்தது. நான் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நின்றேன்.

"தர்ஷி... மாமா போயிட்டாருடி. பட்டறையில நின்னுக்கிட்டே சாஞ்சிட்டாரு. அம்மாகிட்ட போனக் குடு. அவ வர்ற வரைக்கும் வச்சிருப்போம்னு சொல்லணும்."

சமையலறைச் சன்னலில் அம்மா தெரிந்தார். யாரோ ஏதோ சொல்ல, கத்தியைப் பிடித்த கையாலேயே வாயை மறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா குளிக்கிறாங்க அத்தே. நா சொல்லிடறேன்" என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, மாமா. நான் யோசிக்கவே இல்லை.

யோசித்தது அதற்குப் பிறகுதான். போன வருடம் ஒரு வீட்டின் உபயத்துக்கு முதல் நாள் ஊரில் ஒரு சாவு. தீட்டு வந்துவிட்டதால் அவர்களுடைய பூசையை வேறு குடும்பம் செய்தது. அந்த அப்பா பூக்கூடைகளை வாசலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுப் போனார். காரின் பின்சீட்டில் அவர் மகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அம்மா பிறந்த வீட்டுச் சாவுக்கும் பதினாறு நாள் கோயில் கிடையாது. நான் வாயைத் திறந்தால் அந்தப் பின்சீட்டில் நான்தான் இருப்பேன்.

ஒரு நாள்தானே என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் சொல்லிவிடலாம், இறந்தவர் எங்கே போய்விடப் போகிறார் என்றுகூட நினைத்தேன். மன்னித்துவிடுங்கள், மாமா. அப்படித்தான் நினைத்தேன்.

எல்லாம் அம்மாவுக்காகச் செய்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி பொய். உபயகாரர் வீட்டுப் பெண்தான் அம்மனுக்கு முன்னால் விளக்குத் தட்டை ஏந்தி நடப்பாள். கோயிலில் என் வயதுப் பெண்கள் ஒரு கூட்டம் உண்டு, எல்லோரும் பழைய வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தியும் என் பெயரைக் கேட்டதில்லை. அந்த ஒரு நாள் அவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள் என்று நான் பல மாதமாகக் காத்திருந்தேன். இதை எழுதும்போதே முகம் எரிகிறது.

சனிக்கிழமை காலை அத்தை மறுபடி அழைத்தார். அம்மா விமானம் ஏறிவிட்டாரா என்று கேட்டார். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க அத்தே. லீவு கிடைக்கலயாம். காத்திருக்க வேணாமாம்."

அத்தைக்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. "சரிடி" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அந்த அழைப்புகளை அழித்துவிட்டு அம்மாவின் கைபேசியை எதுவும் வராதபடி மாற்றி வைத்தேன். அப்பாவின் புது எண் அத்தையிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இவ்வளவையும் யோசிக்கத் தெரிந்த எனக்கு, செய்வது என்ன என்று மட்டும் தெரியாமல் போயிற்றா?

மாலைப் பூசை அழகாக நடந்தது. சொல்லக்கூடாது, ஆனாலும் உங்களுக்குச் சொல்லவேண்டும் போல் இருக்கிறது. மண்டபம் நிறைந்து, வாசலுக்கு வெளியேயும் ஆட்கள். அம்மன் உங்கள் பச்சைச் சேலையில் நின்றார். குருக்கள் அப்பாவின் தலையில் பட்டைச் சுற்றிக் கட்டினார். அப்பா அசையாமல், படம் எடுக்க நிற்கும் சின்னப் பையன் மாதிரி நின்றார். நான் விளக்குத் தட்டை ஏந்தி நடந்தேன். அந்தப் பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி "உன் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பந்தி தொடங்கியதும் அம்மா ஈரக் கையோடு என்னிடம் ஓடி வந்தார்.

"வீடியோ கால்தான் போடலயே, மாமாவுக்கு போட்டோவாச்சும் அனுப்பிட்டியாடி?"

"அனுப்பிட்டேம்மா. என் போன்லேருந்து."

"பாத்தாரா? என்னா சொன்னாரு?"

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றார், மாமா.

"'என் தங்கச்சி கட்டியிருக்கறத விட அம்மன் சேல நல்லாருக்குலா'ன்னு சொன்னாரு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி ராணி ஆன்ட்டியிடம், "எங்கண்ணன் வாயப் பாருங்கக்கா" என்று அதையே சொன்னார். ஆன்ட்டியும் சிரித்தார். சமையலறை முழுவதும் உங்கள் பகிடி போயிற்று. அந்த நேரம் ஈப்போவில் மத்தியானம். உங்களைத் தூக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அன்றிரவு சொல்லவில்லை. காரில் அம்மா பாடிக்கொண்டு வந்தார், எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலை, படங்களைப் பார்ப்பதற்காக அம்மா தன் கைபேசியை எடுத்து, பூசைக்காக நிறுத்தியது என்று நினைத்து இணைப்பைப் போட்டார். நான் படுக்கையில் இருந்தேன். முந்தின நாள் உங்கள் மகன் குமரன் அனுப்பியிருந்த சுடுகாட்டுப் படங்கள் வந்து விழுந்தன. அம்மா கத்திய சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

"நேத்து சாயந்திரம்கூட போட்டோ பாத்துப் பேசினவருங்க! அதுக்குள்ள எரிச்சிட்டாளா? உடம்பு சூடு ஆறதுக்குள்ளயா? எனக்கு ஒரு போன் பண்ண முடியலயா அவளுக்கு?"

புரிகிறதா மாமா? நான் உங்கள் வாயில் வைத்த அந்த ஒரு பகிடியால் நீங்கள் சனிக்கிழமை வரைக்கும் உயிரோடு இருந்தீர்கள். அத்தை, தங்கைக்குக்கூடச் சொல்லாமல் அவசரமாக எரித்துவிட்டவர் ஆனார். அத்தை ஒரு முறை அம்மாவின் எண்ணுக்கு அழைத்தபோது அப்பா எடுத்தார். "வரமாட்டேன்னு சொன்னவளுக்கு இப்ப என்னா அழுகை?" என்று கேட்டுவிட்டு அத்தை வைத்துவிட்டார். அப்பா அதை அம்மாவிடம் சொன்னார். "நா எப்பங்க சொன்னேன்? எவ்வளவு பொய்யி பாருங்க!" என்று அம்மா ஈப்போ எண்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

அன்று மாலை ராணி ஆன்ட்டி ஒரு பெரிய பானை சோற்றோடு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கோயில் ஆட்கள் யாராவது வந்தார்கள். நகரின் மறுமுனையில் இருக்கும் வெஸ்ட்கேட்டிலிருந்துகூட, அந்த நெரிசலில், ஒருவர் சாம்பார் கொண்டுவந்தார். நவராத்திரி இன்னும் முடியவில்லை, தீட்டு வீட்டுக்கு வருகிறீர்களே என்று அம்மா கேட்டதற்கு ராணி ஆன்ட்டி, "குளிச்சுப்போட்டுக் கோயிலுக்குப் போறன், அவ்வளவுதானே? நீர் முதல்ல சாப்பிடும்" என்றார். எங்கள் தெருவில் அத்தனை கார் நின்று நான் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, என்ன ஆயிற்று என்று அப்பாவிடம் கேட்டார். அன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஆன்ட்டிக்குப் பாத்திரம் கழுவிக் கொடுக்கும்போது நான் கேட்டேன், போன வருடம் நாளை இழந்த அந்த வீட்டுக்கு அது திரும்பக் கிடைத்ததா என்று.

"ஓம் பிள்ளை. இந்த முறை முதல் நாள் ஆர் செய்தது? அவைதானே. வேற என்னெண்டு நினைச்சீர்? ஆக்களை விட்டுப்போட்டு அம்மனை மட்டும் வைச்சுக்கொண்டு நாங்கள் என்ன செய்யிறது?"

அவ்வளவுதான், மாமா. நான் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்கும்.

அம்மாவுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பூசை நேரத்தில் உங்கள் உயிர் போயிருந்தால், தீட்டோடு அம்மனுக்குச் சேலை சாத்திவிட்டோமே என்று. சாப்பிடவே இல்லை. அப்பா குருக்களைக் கைபேசியில் அழைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

"மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்கோம்மா" என்றார் குருக்கள். "காதுல விழுந்தப்புறம்தான் தீட்டு. தெரியாம செஞ்சதுக்கு ஒரு தோஷமும் இல்லே. உங்க வீட்ல யாருக்கும் தெரியாதே. அம்பாள் சந்தோஷமா ஏத்துண்டுட்டா."

அம்மா அழுதுகொண்டே சோற்றில் கை வைத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்.

எங்கள் வீட்டில் ஒருத்தியின் காதில் விழுந்திருந்தது. அந்த ஒருத்திதான் அம்மனுக்கு மிக அருகில், விளக்கோடு நடந்தாள். அப்படியானால் அம்மன் எதை ஏற்றுக்கொண்டார், மாமா? அம்மாவுடையதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியுமா? குருக்களிடம் கேட்க முடியாது. உங்களிடம்தான் கேட்க முடியும். நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பீர்கள். இதற்கும் வைத்திருப்பீர்களா?

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். ஈப்போவுக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவை, பதினாறாம் நாள் காரியத்துக்காவது போ என்று அப்பா சம்மதிக்க வைத்தார். "அவ மூஞ்சியப் பாக்கமாட்டேன். எங்கண்ணன் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன்" என்று அம்மா ஒத்துக்கொண்டார். என்றைக்குக் காரியம் என்று குமரனிடம் கேட்கலாமே என்றார் அப்பா. "அதுக்கும் அவங்க கால்ல விழணுமா? எங்கண்ணன் செத்த நாள எண்ண எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா.

எண்ணினார். நீங்கள் என்னிடம் பேசிய சனிக்கிழமையிலிருந்து எண்ணினார். அவர் கணக்கில் காரியம் இந்த ஞாயிறு. டிக்கெட்டைச் சனிக்கிழமை காலைக்குப் போட்டுவிட்டார்கள். நீங்கள் போனது வெள்ளிக்கிழமை. காரியம் சனிக்கிழமை. அம்மா இறங்கும்போது எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, அத்தை வாசலைக் கழுவிக்கொண்டிருப்பார். இரண்டாவது முறையும் அம்மா உங்களைத் தவறவிடுவார். அதையும் அத்தை செய்ததாகத்தான் நினைப்பார்.

நாளை மாலை ஒரு விமானம் இருக்கிறது. பார்த்தேன், இடமும் இருக்கிறது. சொன்னால் அம்மா அதில் போய்விடலாம்.

சொன்னால், நீங்கள் சேலையைப் பார்த்தீர்கள் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற அம்மாவிடமிருந்து அதையும் பிடுங்கவேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார், "சேலையப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் போனாரு" என்று. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பாரா? ராணி ஆன்ட்டிக்குத் தெரியும், சமையலறைக்குத் தெரியும், விளக்குப் பிடித்ததைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வாரமாக அம்மாவின் கதவு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

ஆனாலும் சொல்லிவிடுவேன். உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். அம்மா தடுத்து வைத்த எண்ணைத் திறந்து, அத்தையிடமும் என் வாயாலேயே சொல்வேன்: அம்மா வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை, சொன்னது நான். காலையில், பள்ளிக்குப் போவதற்கு முன்னால், அம்மா தேநீர் குடித்து முடித்த பிறகு—

அம்மா கதவைத் தட்டுகிறார்.

"தர்ஷி, வெளிச்சம் தெரியுதுடி. தூங்கலன்னா வாலா. பெட்டிய மூட முடியல, அது மேல வந்து கொஞ்சம் உக்காரு."

காலை வரைக்கும் வேண்டாம், மாமா. பெட்டியை மூடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மருமகள்
தர்ஷி